சென்னையில் முதல் கோடை: வெளியூரிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல், மே மாதங்களில் தேர்வுகள் முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பயிற்சிப் பணிக்காகவோ, போட்டித் தேர்வு வகுப்புக்காகவோ, இறுதியாண்டு ஆய்வு வேலைக்காகவோ அதே மாதங்களில் முதன்முறையாகச் சென்னைக்கு வந்து தங்குபவர்களும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

வேலூர், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ‘எங்கள் ஊரில் பார்க்காத வெயிலா’ என்று நினைப்பது இயல்பு. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் அந்த நினைப்பில் தவறில்லை. சென்னையின் சிக்கல் வேறு. கடலோர நகரமாதலால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அதனால் வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. உள் மாவட்டங்களில் பொழுது சாய்ந்தபின் கிடைக்கும் ஆறுதலும் இங்கே குறைவு. மே மாத இரவுகளில் வெப்பம் 27, 28 டிகிரி செல்சியசுக்குக் கீழே எளிதில் இறங்காது. எனவே எந்த அறையில் தூங்குகிறோம், எந்த நேரத்தில் வெளியே இறங்குகிறோம் என்ற இரண்டையும் சரியாக அமைத்துக்கொண்டால் கோடையின் பெரும்பகுதி கையாளக்கூடியதாகிவிடும்.

முதல் வேலை: அறையைப் பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள்

அறை தேடுபவர்கள் காலை இளவெயிலிலோ மாலையிலோ போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கோடையில் ஓர் அறையின் உண்மையான நிலை பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான் தெரியும். அந்த நேரத்தில் உள்ளே போய், மின்விசிறியை ஓடவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையாக இருந்தால் பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்தச் சூடான காற்றையே சுழற்றித் தரும். வாடகை ஐந்நூறு ரூபாய் குறைகிறதே என்று மேல்தள அறையை எடுப்பது கோடையில் நட்டமான பேரம் என்பது என் உறுதியான கருத்து. வேறு வழியில்லை என்றால், மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பலர் தாங்களாகவே செய்வதில்லை, கேட்டால் செய்துதருகிறார்கள்.

அடுத்து, சன்னல்களைக் கவனியுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். கிழக்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் திறப்புள்ள அறைக்குக் கடற்காற்று வரும். மேற்குச் சுவர் வெளிப்புறம் பார்த்திருந்தால் மாலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். சன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். வலையில்லாத சன்னலை இரவில் திறக்க முடியாது, திறக்காத அறையில் தூங்கவும் முடியாது.

மின்கட்டணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை, அதற்குமேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். பல வீடுகளில் துணை மீட்டர் வைத்து, வீட்டுக்காரர் தாமே ஒரு விலை நிர்ணயித்து வாங்குகிறார். யூனிட்டுக்கு எவ்வளவு, குளிர்சாதனம் இருந்தால் அதற்குத் தனிக் கட்டணமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மகளிர் விடுதியில் சேரும் மாணவியர், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விடுதி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்; முறையாக நடத்துபவர்கள் உரிமத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

இரண்டாவது: எந்தத் தண்ணீர், எப்போது வரும்?

சென்னையில் ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் புழங்கும். குழாயிலோ லாரியிலோ வரும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் தரும் நீர், ஒன்று. பல பகுதிகளில் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொன்று. குடிப்பதற்கு விலைக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் மூன்றாவது. அறை பார்க்கும்போதே குளிக்க எது, சமைக்க எது, கேன் தண்ணீரை யார் வாங்கித் தருவார் என்று கேட்டுவிடுங்கள். ‘கோடையில் தண்ணீர் வருமா’ என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. பக்கத்து அறைக்காரரிடமும் கேட்க வேண்டும். இந்த நகரம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளையும், கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியையும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களையும் நம்பியிருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரைச் சுற்றியுள்ள ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஆவதில்லை என்றாலும், ஆழ்துளைக் கிணறு வற்றும் தெருக்கள் எல்லாக் கோடையிலும் உண்டு.

கேன் வாங்கும்போது மூடியின் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த நாளும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கீறலும் பாசியும் படிந்த பழைய கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயில் படும் திண்ணையில் கேன்களை அடுக்கி வைக்கும் கடையைத் தவிர்ப்பது நல்லது. கேனைத் திறந்தபின் மூன்று நாள்களுக்குள் தீர்ப்பதுபோல் இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கோடையில் மஞ்சள்காமாலையும் டைஃபாய்டும் மாணவர் விடுதிகளில் பரவுவது பெரும்பாலும் தண்ணீராலும் தூய்மையற்ற உணவாலும்தான்.

குளிப்பதற்கு ஒரு சிறு ஏற்பாடு தேவைப்படும். மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியின் நீர் காலை பத்து மணிக்கே சூடேறி, பிற்பகலில் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். விடியற்காலையில் இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வைத்துவிட்டால் மாலைக் குளியலுக்குக் குளிர்ந்த நீர் இருக்கும்.

மூன்றாவது: நாளைக் கடற்காற்றுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்

சென்னையின் கோடைப் பகலை ஆள்வது கடற்காற்று. காலையில் மேற்கிலிருந்து உலர்ந்த நிலக்காற்று வீசும். வெப்பம் விறுவிறுவென்று ஏறும். நண்பகலையொட்டியோ சற்றுப் பின்னரோ கடலிலிருந்து காற்று திரும்பி உள்ளே வரும்போது வெப்பம் ஏறுவது நின்று, மெல்ல இறங்கத் தொடங்கும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளுக்கு அது முதலில் வரும். அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் பக்கம் போய்ச் சேர நேரமாகும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாள்களில் கடற்காற்று மாலை வரை உள்ளே நுழைய முடியாமல் போய்விடும். 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் பெரும்பாலும் அவைதாம். வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் தனித்தனியாக அளவு வெளியிடுகிறது. புறநகரில் தங்குபவர்கள் மீனம்பாக்கத்து எண்ணைப் பார்ப்பது பொருத்தம்.

ஆகவே வங்கி, பதிவு, சான்றிதழ் நகல், துணி வாங்குவது போன்ற வெளிவேலைகளைக் காலை பத்தரை மணிக்குள் முடித்துவிடுங்கள். பதினொன்று முதல் மூன்றரை வரை கூரைக்குக் கீழே இருங்கள். மறுபடி ஐந்து மணிக்குமேல் வெளியே போகலாம். பயிற்சிப் பணிக்குச் செல்பவர்களால் இப்படி முழுமையாகப் பிரிக்க முடியாது என்றாலும், காலை எட்டரைக்குக் கிளம்புவதற்குப் பதிலாக ஏழரைக்குக் கிளம்பி அலுவலகத்திலேயே காலை உணவு உண்பது ஒரு மணி நேர வெயிலையும் நெரிசலையும் மிச்சப்படுத்தும். படிப்பதற்கு மிகச் சிறந்த நேரம் காலை ஐந்து முதல் எட்டு. இரவு கண்விழித்துப் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த இரண்டு மாதத்துக்கு மட்டுமாவது மாற்றிக்கொள்ளலாம். நள்ளிரவு ஒரு மணிக்கும் சூடு தணியாத அறையில் படிப்பு ஏறுவதில்லை.

பகல் நேரத்தைக் கழிக்க நூலகங்களே முதல் இடம். கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் முழுவதும் குளிரூட்டப்பட்டது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்குத் தனிப் பகுதியே அங்கு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் வருவதால் கோடையில் காலையிலேயே இடம் நிரம்பிவிடும். திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். எழும்பூரில் 1896ஆம் ஆண்டு முதல் இயங்கும் கன்னிமாரா பொது நூலகமும், அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகமும் இருக்கின்றன. வடசென்னையில் தங்குபவர்களுக்குக் கொளத்தூரில் 2024ஆம் ஆண்டு தொடங்கிய முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கும் வசதி கிடைக்கிறது. குளிரூட்டிய கூடத்தில் ஐந்தாறு மணி நேரம் இருந்துவிட்டு நேராக நண்பகல் வெயிலில் இறங்காதீர்கள். வாசலில் பத்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

நான்காவது: போக்குவரத்து

தென்மாவட்டங்களிலிருந்து அரசுப் பேருந்தில் வருபவர்கள் இப்போது கோயம்பேட்டில் அல்ல, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தில்தான் இறங்குவார்கள். அங்கிருந்து நகருக்குள் செல்ல மாநகரப் பேருந்துகள் உண்டு. மூட்டை முடிச்சோடு வருபவர்கள் விடிவதற்கு முன் வந்து சேரும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் வெயில் ஏறுமுன் அறைக்குப் போய்விடலாம்.

நகருக்குள் கோடையில் நம்பத்தக்கது ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியிலும், வேளச்சேரி வழியிலும் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. செங்கல்பட்டு வழியில் 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன ரயிலும் இயங்குகிறது. மெட்ரோ ரயிலும் அதன் சுரங்க நிலையங்களும் குளிரூட்டப்பட்டவை. அன்றாடம் மெட்ரோவில் போவது மாணவர் கைக்கு அதிகச் செலவுதான். ஆனால் தேர்வு நாளிலும் நேர்காணல் நாளிலும் அந்தச் செலவு தகும். வியர்வையில் நனைந்த சட்டையோடு நேர்காணலுக்குள் நுழைவதைத் தவிர்க்கலாம். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மகளிருக்கு 2021ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லை. மாணவர்களுக்கான சலுகைப் பயண அட்டைக்கும் ரயில் சலுகை மாதச் சீட்டுக்கும் கல்வி நிறுவனத்தின் சான்று வேண்டும். கல்லூரி அலுவலகம் விடுமுறைக்கு மூடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் யோசிக்கத் தக்கது. காலையில் தாம்பரத்திலிருந்து வடக்கே நகருக்குள் வரும் வண்டியில் வலப்பக்கம் வெயில் படும். மாலையில் திரும்பும்போதும் அதே வலப்பக்கந்தான். இரண்டு வேளையும் இடப்பக்கச் சன்னலோரம் நிழல் கிடைக்கும்.

ஐந்தாவது: உணவும் பானமும்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிப்பதுதான் முதல் விதி. ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் பையில் இருக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடலுக்கு நீர் போதவில்லை என்று பொருள். நிறைய வியர்க்கும் நாளில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் உடலிலிருந்து வெளியேறுகிறது. உப்பிட்ட நீர்மோர் அதற்கு மிக எளிய மருந்து. ஆவின் மோர்ப் பாக்கெட் பெரும்பாலான தெருக்களில் கிடைக்கும். இளநீரை உங்கள் எதிரிலேயே சீவித் தரச் சொல்லி அங்கேயே குடியுங்கள். பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய் மாலையில் குடிக்காதீர்கள். நுங்கு இளசாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். முற்றியது வயிற்றைப் பிடிக்கும். வெட்டி அடுக்கி ஈ மொய்க்கும் தர்பூசணித் துண்டுகளைவிட, நண்பர்கள் நால்வர் சேர்ந்து முழுப் பழமாக வாங்கி அறையில் வெட்டிக்கொள்வது மலிவு, சுத்தமும் கூட. சாலையோர நன்னாரி சர்பத்திலும் கரும்புச்சாற்றிலும் ஆபத்து பெரும்பாலும் அதில் போடும் பனிக்கட்டியில்தான் இருக்கிறது. ‘ஐஸ் வேண்டாம்’ என்று சொல்லி வாங்குங்கள்.

கேழ்வரகுக் கூழும் கம்மங்கூழும் விற்கும் தள்ளுவண்டிகள் கோடை முழுவதும் நிற்கும். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு கூழ் குடித்தால் காலை உணவு முடிந்தது. காலையில் கூட்டம் நிற்கும் வண்டியில் கூழ் புதியதாக இருக்கும். சமைத்துச் சாப்பிடுபவர்கள் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழைய சோறாக உண்ணலாம். இந்தப் பருவத்துக்கு அதைவிடப் பொருத்தமான காலை உணவை நான் அறியேன். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதானால் தேங்காய்ச் சட்டினியையும் தேங்காய் அரைத்த கூட்டையும் தவிர்த்துவிடுங்கள். பகல் ஒரு மணிக்கெல்லாம் கெட்டுவிடும். புளிச்சோறு தாங்கும். தயிர்ச்சோறு கட்டுவதானால், ஆறிய சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால் மீன் விலை ஏறும். குளிர்பதனத்தில் நெடுநாள் கிடந்த மீனும் சந்தைக்கு வரும். மெஸ்ஸில் மீன்குழம்பு மணத்தில் மாற்றம் தெரிந்தால் தொடாதீர்கள். கையில் காசு குறைந்த வாரங்களில் மாநகராட்சியின் அம்மா உணவகம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய் என்று வைத்த விலையே அதன் அடையாளமாகிவிட்டது. அங்கே போய்ச் சாப்பிட எந்த மாணவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆறாவது: இரவில் தூங்க

மின்விசிறிக்குக் கீழே மெத்தையில் படுத்தால் மெத்தையே முதுகைச் சுடும். மெத்தைமேல் கோரைப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், அல்லது தரையில் பாய் போட்டுப் படுங்கள். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்தபின் சன்னல்களைத் திறந்து, ஒரு மேசை விசிறியைச் சன்னலுக்கு வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து உள்ளிருக்கும் சூட்டை அரைமணி நேரம் வெளியேற்றினால் அறை விரைவில் ஆறும். கடைகளில் ஏர் கூலர் வாங்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். அது நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி. ஈரம் மிகுந்த சென்னைக் காற்றில் அதன் பயன் குறைவு. மூடிய அறையில் வைத்தால் புழுக்கம் கூடும். குளிர்சாதனம் இருந்தால் 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள், கட்டணம் அடங்கும். மாடியில் படுப்பதானால் வீட்டுக்காரரின் அனுமதியும் கொசுவலையும் தேவை. கைப்பிடிச் சுவருக்கு அருகில் படுக்க வேண்டாம்.

ஏழாவது: உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

வேர்க்குருவுக்குப் பருத்தி உடையும் இரண்டு வேளைக் குளியலும் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொடியை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அது கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவில் கலக்கலாம். உப்பைக் கூட்டிவிடக் கூடாது.

அம்மை போட்டால் உடனே பேருந்து ஏறி ஊருக்குப் போகத் தோன்றும். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் புரிகிறது. ஆனால் கொப்புளங்கள் எல்லாம் பொருக்காகும்வரை அது பிறருக்குத் தொற்றும். ஒரு பேருந்து முழுவதற்கும் கொடுத்துவிட்டுப் போக நேரும். விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லித் தனியறை கேளுங்கள். வேப்பிலை வைத்துக்கொள்வதில் தடையில்லை, ஆனால் மருத்துவரை முதல் நாளே பாருங்கள். கொப்புளம் தோன்றிய ஒரு நாளுக்குள் தொடங்கும் மருந்துதான் நன்றாக வேலை செய்கிறது, வளர்ந்தவர்களுக்கு அம்மை குழந்தைகளைவிடக் கடுமையாகவும் வரும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வெப்ப வாதம். உடன் இருப்பவர் உடல் அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறி, தடுமாறினாலோ மயங்கினாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பதை வந்த வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது: மாலையும் கடலும்

ஐந்தரை மணிக்குமேல் மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ காற்று வாங்க உட்காருவதைவிட இந்த நகரம் கோடையில் தரும் பெரிய கொடை வேறில்லை. மயிலாப்பூரில் நாகேசுவரராவ் பூங்காவும், அண்ணா மேம்பாலத்துக்கு அருகில் செம்மொழிப் பூங்காவும் மர நிழலுக்கு நல்லவை. ஆனால் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடுகிறது. திரும்பும் அலையின் இழுப்பு நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே கொண்டுபோய்விடும். கிணற்றிலும் ஆற்றிலும் நீந்திப் பழகிய வெளியூர் மாணவர்கள் அந்தப் பழக்கத்தை நம்பி இறங்கி உயிரிழப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது ஒருவராவது ‘கால் நனைப்பதோடு சரி’ என்று உறுதியாகச் சொல்லி நிறுத்த வேண்டும். நீந்தியே ஆக வேண்டும் என்றால் வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கிறது.

கத்திரி முடிந்தபின்

மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி 28ஆம் தேதியோடு முடிவதாகப் பஞ்சாங்கம் சொல்லும். வெயில் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக உயர்ந்த அளவான 45 டிகிரி, 2003ஆம் ஆண்டு மே 31 அன்று, கத்திரி முடிந்த பின்னர்தான் வந்தது. கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் பருவமழை இறங்கினாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் சென்னைக்கு அதன் பெரும்பகுதி வருவதில்லை; மாறாக உலர்ந்த மேற்குக் காற்றுதான் வலுக்கும். ஆகவே மேலே சொன்ன ஏற்பாடுகளை ஜூன் முடியும்வரை தளர்த்த வேண்டாம். இடையிடையே மாலையில் இடியோடு மழை கொட்டும். மாடியில் காயப்போட்ட துணியையும் சன்னலோரத்து மடிக்கணினியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முழுவதும் தங்கப் போகிறவர்கள், இருக்கும் அறை சரிப்படவில்லை என்றால் மே மாதத்திலேயே வேறு அறை தேடுங்கள். படிப்பு முடித்துக் கிளம்பும் மூத்த மாணவர்கள் அப்போதுதான் காலி செய்கிறார்கள். ஜூன் நடுவில் கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் கூட்டம் சேரும், வாடகை ஏறும், பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வீட்டுக்காரர் விடமாட்டார்.